சேதி வந்தாயிற்று, உறுதி வரவில்லை: போர்க்கால வானொலியின் ஒரு நாள்

போர்க்கால வானொலி என்றதும் பலருக்கும் தலைவர்களின் உரைகள்தான் நினைவுக்கு வரும். சர்ச்சில் பேசினார், ரூஸ்வெல்ட் பேசினார், மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் ஒரு நிலையத்தின் பொழுதில் பெரும்பகுதி உரைகளில் கழியவில்லை. சேதிக்காகக் காத்திருப்பது, வந்த சேதியை நம்பலாமா என்று முடிவெடுப்பது, நம்பமுடியாததை நேயர்களிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது என்று யோசிப்பது, தெரிந்ததையே சொல்லாமல் அடக்கிக்கொள்வது. இவைதான் விடிய விடிய நடந்த வேலைகள். அவற்றைப் புரிந்துகொண்டால்தான் போர்க்கால வானொலி என்பது என்னவென்று பிடிபடும்.

அதற்கு 1944 ஜூன் 6-ஐவிடப் பொருத்தமான நாள் கிடையாது. நேச நாட்டுப் படைகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய நாள். அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய இரண்டு பெரிய வானொலி வலையமைப்புகளும் ஒலிபரப்பியவற்றில் மிகப் பெரும்பகுதி பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பொதுவாக அந்தக் கால ஒலிபரப்புகள் காற்றோடு போனவை. பேசி முடித்தால் முடிந்தது. ஒரு முழு நாளை அதன் தயக்கங்களோடும் திருத்தங்களோடும் வரிசையாகக் கேட்க முடிவது பெரிய பேறு.

முதலில் கடிகாரம்

இந்த நாளைப் பற்றிப் படிக்கிறவர்கள் முதலில் குழம்புவது நேரக் கணக்கில். போர்க்காலத்தில் அமெரிக்கா கடிகாரத்தை ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. 1942 பிப்ரவரியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்குப் போர் நேரம் என்றே பெயர். பிரிட்டன் கோடையில் இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தது. ஆக நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் 6 மணி நேர வித்தியாசம்.

நார்மண்டியில் அமெரிக்கப் படைகள் கரையிறங்கத் தொடங்கியது காலை 6:30-க்கு. நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு 12:30. அதற்கும் பல மணி நேரம் முன்பே பாராசூட் படையினர் பிரெஞ்சு மண்ணில் குதித்துவிட்டார்கள். நியூயார்க் கணக்கில் அது ஜூன் 5 மாலை. அந்த ஜூன் 5 இரவில்தான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். முந்தைய நாள் நேச நாட்டுப் படைகள் ரோம் நகரைப் பிடித்திருந்தன. உரை முழுக்க ரோமைப் பற்றியே. பிரான்சைப் பற்றி மூச்சுவிடவில்லை. மறுநாள் இரவு அவரே சொன்னார்: நேற்று ரோமைப் பற்றி உங்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே நம் படைகள் கால்வாயைக் கடந்துகொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும் என்று.

போர்க்கால ஒலிபரப்பின் இயல்பு இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிந்துவிடுகிறது. மைக்கின் முன்னால் இருப்பவருக்குத் தெரிந்தது வேறு, அவர் சொல்வது வேறு. கோடிக்கணக்கானவர்கள் கேட்கிறார்கள். அவர்களில் எதிரியும் ஒருவன்.

எதிரியின் வாயிலிருந்து வந்த முதல் சேதி

நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டி 12:40 வாக்கில் செய்தி அறை டெலிபிரிண்டர்கள், அதாவது கம்பி வழி வரும் செய்தியைத் தாளில் அச்சடிக்கும் இயந்திரங்கள், மணியடித்தன. டிரான்ஸ்ஓஷன் என்ற ஜெர்மன் செய்தி நிறுவனம், படையெடுப்பு தொடங்கிவிட்டது என்று அறிவித்திருந்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்றை உலகத்துக்கு முதலில் சொன்னது நேச நாடுகள் இல்லை. தாக்கப்பட்ட ஜெர்மனிதான் சொன்னது.

பெர்லின் சொன்னது நியூயார்க்குக்கு எப்படித் தெரிந்தது? இங்கே சிற்றலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர் நிலையங்கள் பயன்படுத்திய மத்திய அலை பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். சிற்றலை அப்படியில்லை. வானத்தில் நூறு கிலோமீட்டருக்கும் மேலே மின்னேற்றம் பெற்ற ஒரு காற்றடுக்கு இருக்கிறது. அயனி மண்டலம் என்பார்கள். சிற்றலை அதில் பட்டு, சுவரில் எறிந்த பந்துபோல் பூமிக்குத் திரும்பி, மறுபடி எழும்பி, கடல் கடந்து போய்விடும். வழியில் குரல் ஏறும், இறங்கும், கரகரக்கும், சில சமயம் காணாமலே போகும். அந்நாளைய பதிவுகளில் லண்டனிலிருந்து பேசுகிறவரின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படிக் கடல் கடந்து வருவதையெல்லாம் இரவு பகலாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். பி.பி.சி. 1939-லேயே ஈவ்ஷம் அருகே ஒரு கேட்பு நிலையம் அமைத்து, 1943-இல் அதைக் கேவர்ஷமுக்கு மாற்றியது. பல மொழி அறிந்தவர்கள், அவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிகள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதிரி நாட்டு வானொலியை வார்த்தை வார்த்தையாகப் பிடித்தார்கள். அமெரிக்க அரசும் 1941-இல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. போர்க்கால வானொலியின் பாதி வேலை பேசுவது என்றால் மறுபாதி கேட்பது. பெயர் தெரியாத அந்தக் கேட்பாளர்களுக்கு வரலாறு இன்னும் உரிய மரியாதையைச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது செய்தி அறையில் இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கையில் உலகத்தையே எழுப்பக்கூடிய ஒரு செய்தி. அதைச் சொன்னது எதிரி. லண்டனிலும் வாஷிங்டனிலும் கேட்டால், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்கிறார்கள்.

சந்தேகப்பட வலுவான காரணங்கள் இருந்தன. ஜெர்மனி வேண்டுமென்றே புரளி கிளப்பியிருக்கலாம். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் தலைமறைவாக இருந்த எதிர்ப்பு இயக்கத்தினர், படை வந்துவிட்டது என்று நம்பி வெளியே வந்தால் கூண்டோடு பிடித்துவிடலாம். இந்த எச்சரிக்கையை அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பிலேயே நேயர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு காரணம் சூடு ஆறாதது. சரியாக மூன்று நாள் முன்பு, ஜூன் 3 அன்று, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தில் டெலிபிரிண்டரில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஓர் ஊழியரின் பயிற்சி வரி, தவறுதலாக நிஜக் கம்பியில் ஏறிவிட்டது. பிரான்சில் நேச நாட்டுப் படைகள் இறங்கியதாக, அந்தப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவரின் தலைமையகம் அறிவிக்கிறது என்பதே அந்த வரி. சில நிமிடங்களுக்குள் ரத்து செய்தி வந்துவிட்டாலும், அதற்குள் சி.பி.எஸ். அதை ஒலிபரப்பிவிட்டது. அந்தக் காயத்தோடுதான் ஜூன் 6 நள்ளிரவு எல்லோரும் மைக் முன் உட்கார்ந்தார்கள்.

மூன்று மணி நேரம்

அடுத்து வந்த மூன்று மணி நேரம்தான் போர்க்கால ஒலிபரப்பின் ஆகச் சிறந்த பாடம் என்பது என் துணிபு. சி.பி.எஸ்.ஸின் நியூயார்க் செய்தி அரங்கில் ராபர்ட் ட்ரவுட் பேசிக்கொண்டே இருந்தார். ஜெர்மானியர்கள் சொல்கிறார்கள், நேச நாட்டுத் தரப்பில் உறுதி இல்லை என்ற இரண்டையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொன்னார். ஒரு முறை சொல்லிவிட்டு விடவில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை, வேறு வேறு வார்த்தைகளில், திரும்பத் திரும்ப.

ஏன் இத்தனை முறை? பத்திரிகையில் ஒரு செய்தியின் தலைப்பிலேயே 'உறுதியாகவில்லை' என்று போட்டுவிட்டால் போதும். படிக்கிறவர் கண்ணில் அது பட்டே தீரும். வானொலியில் அப்படி முடியாது. நேயர் எந்த நொடியிலும் பெட்டியைத் திருகி உள்ளே வருவார். அவர் வரும்போது காதில் விழும் வாக்கியம் 'படைகள் கரையிறங்கிவிட்டன' என்று மட்டும் இருந்தால், அதுதான் அவருக்கு உண்மை. எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார். அதனால் செய்தியும் அதைச் சொன்னவர் யார் என்பதும் பிரியாமல் ஒரே மூச்சில் வர வேண்டும். வானொலிச் செய்தி எழுதுகிறவர்கள் யார் சொன்னார் என்பதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வைப்பது இதனால்தான்.

ஜெர்மன் தகவலில் உண்மையும் பிழையும் கலந்திருந்தன. படையெடுப்பு நடப்பது உண்மை. ஆனால் லஹாவ்ர் துறைமுகம், சென் நதியின் முகத்துவாரம் என்று அவர்கள் சொன்ன இடங்கள் உண்மையான கரையிறக்கத்துக்குக் கிழக்கே இருந்தன. இடையில் லண்டனிலிருந்து இன்னொரு நூல் முனை கிடைத்தது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் கடலோரத்தில் 35 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் ஊரைவிட்டு விலகிப் போகும்படி பி.பி.சி. எச்சரித்துக்கொண்டிருந்தது. இது உறுதிப்படுத்தல் ஆகாது. ஆனாலும் அனுபவப்பட்டவர்களுக்கு அது என்ன சொல்கிறது என்று புரிந்தது. அமெரிக்க அறிவிப்பாளர்கள் அதையும் அப்படியே, தங்கள் ஊகத்தை அதன் தலையில் ஏற்றாமல் சொன்னார்கள். ஏதோ பெரிதாக நடக்கிறது என்ற பரபரப்பு அவர்கள் குரலில் ஏறிக்கொண்டே போகிறது. வார்த்தை மட்டும் எல்லை தாண்டவில்லை.

26 சொற்கள்

நியூயார்க்கில் அதிகாலை 3:32. லண்டனில் காலை 9:32. எல்லா வலையமைப்புகளும் ஒரே இணைப்பில் லண்டனைக் கேட்டன. நேச நாட்டுத் தலைமையகத்தின் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி கர்னல் எர்னஸ்ட் டுபுயி முதல் அறிக்கையை வாசித்தார். பி.பி.சி.யில் அதை வாசித்தவர் ஜான் ஸ்னாக். ஆங்கிலத்தில் மொத்தமே 26 சொற்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஜெனரல் ஐசனோவரின் தலைமையில், வலிமையான விமானப் படைகளின் துணையோடு, நேச நாட்டுக் கடற்படைகள் இன்று காலை பிரான்சின் வடக்குக் கரையில் நேச நாட்டுப் படைகளை இறக்கத் தொடங்கின.

இந்த ஒற்றை வாக்கியத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். போர்க்கால அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

தளபதியின் பெயர் இருக்கிறது. அது எதிரிக்கு ஏற்கெனவே தெரியும். 'இன்று காலை' என்று இருக்கிறது. அதுவும் தெரியும். 'வலிமையான' என்று இருக்கிறது, எத்தனை விமானங்கள் என்று இல்லை. எத்தனை கப்பல்கள், எத்தனை வீரர்கள், எந்தெந்த நாட்டுப் படைகள் என்பது எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'வடக்குக் கரை' என்று இருக்கிறதே தவிர நார்மண்டி என்ற பெயர் கிடையாது. பிரான்சின் வடக்குக் கரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம். கலே துறைமுகமும் அதில்தான் இருக்கிறது.

அது தற்செயலான மௌனம் இல்லை. முக்கியத் தாக்குதல் கலே பகுதியில்தான் வரும் என்று ஜெர்மனியை நம்பவைக்க நேச நாடுகள் மாதக்கணக்கில் ஒரு பெரிய ஏமாற்று வேலையை நடத்திவந்தன. இல்லாத படைகளுக்கு வானொலித் தந்திப் போக்குவரத்துகூட ஜோடித்தார்கள். நார்மண்டி என்பது திசைதிருப்பல், உண்மையான அடி இனிமேல்தான் விழும் என்று ஜெர்மனி எண்ணிக்கொண்டிருந்தால் கலேயில் காத்திருக்கும் படைகள் அங்கேயே கிடக்கும். சர்ச்சிலும் அன்று நாடாளுமன்றத்தில் இதை 'தொடர் கரையிறக்கங்களில் முதலாவது' என்றுதான் குறிப்பிட்டார். நாடாளுமன்ற நடவடிக்கைகள் அப்போது ஒலிபரப்பாவதில்லை. அவர் சொன்னது செய்தியறிக்கைகள் வழியே ஊர் உலகமெல்லாம் போனது. பெர்லினுக்கும் போனது. போக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இப்படிப் பார்த்தால், அந்த 26 சொற்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பொய் சொல்லாமலே எதிரியைத் தவறான திசையில் வைத்திருக்க முடியும் என்று அந்த வாக்கியம் காட்டுகிறது. அதே வாக்கியம் சொந்த மக்களையும் பாதி இருட்டில்தான் வைத்தது. அந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

அறிக்கையைத் தொடர்ந்து ஐசனோவரின் குரல் வந்தது. முன்கூட்டியே பதிவு செய்து வைத்த உரை. மேற்கு ஐரோப்பிய மக்களை நோக்கிப் பேசினார். படையினருக்கு அவர் விடுத்த நாள் ஆணையை லண்டனிலிருந்து எட்வர்ட் மரோ சி.பி.எஸ். நேயர்களுக்கு வாசித்தார். நார்வே மன்னர், பெல்ஜியப் பிரதமர், நெதர்லாந்துப் பிரதமர் என்று நாடிழந்து லண்டனில் தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். சுதந்திர பிரெஞ்சு இயக்கத்தின் தலைவர் தெ கோல் மட்டும் அந்த வரிசையில் இல்லை. ஐசனோவருக்குப் பின்னால் ஒருவராக நின்று பேச அவர் மறுத்துவிட்டார். அன்று மாலைதான் தனியாகப் பேசினார். இது பிரான்சின் போர் என்று அழுத்திச் சொன்னார். ஒலிபரப்பு வரிசையில் யாருக்குப் பின் யார் என்பதுகூட அன்று அரசியல்தான்.

பாட்டுக் கேட்கவும் தடை

போர்க்காலத் தணிக்கை என்றால் ராணுவ ரகசியங்களை மறைப்பது என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். நடைமுறையில் அது சின்னச் சின்ன விஷயங்களில்தான் நுழைந்தது. அமெரிக்காவின் தணிக்கை அலுவலகம் 1942 ஜனவரியில் வானொலி நிலையங்களுக்கு ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டது. பைரன் பிரைஸ் என்ற முன்னாள் பத்திரிகையாளர் அதன் தலைவர். சட்டத்தின் மிரட்டலைவிட நிலையங்களின் ஒத்துழைப்பையே அவர் நம்பினார். அந்தத் தொகுப்பின்படி நேயர் விருப்பப் பாடல்கள் கூடாது. தொலைந்த நாயைத் தேடும் அறிவிப்பு கூடாது. தெருவில் போகிறவர் வாயில் மைக்கை நீட்டி, முன்னேற்பாடில்லாமல் பேட்டி எடுப்பதும் கூடாது.

முதல் பார்வையில் இது அபத்தமாகத் தோன்றும். காரணத்தைக் கேட்டால் தோன்றாது. 'இன்ன பாட்டை இத்தனை மணிக்குப் போடுங்கள்' என்று ஒருவர் எழுதுகிறார். நிலையம் போடுகிறது. கடலில் மிதக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கு அந்தப் பாட்டே ஒரு சங்கேதமாக இருக்கலாம், ஒரு துறைமுகத்திலிருந்து கப்பல் வரிசை புறப்பட்டுவிட்டது என்பதாக. எவரும் எளிதில் உள்ளே நுழைந்து ஒரு வரியைக் காற்றில் விடக்கூடிய எல்லா வாசல்களையும் மூடினார்கள்.

வானிலை இன்னொன்று. பிரிட்டனில் போர் தொடங்கிய 1939 செப்டம்பரிலிருந்து ஐரோப்பியப் போர் முடிந்த 1945 மே வரை பி.பி.சி.யில் வானிலை முன்னறிவிப்பே கிடையாது. மேகம் எங்கே, காற்று எப்படி என்பது குண்டுவீச்சு விமானிக்கு உயிர்நாடி. நார்மண்டிக் கரையிறக்கமே ஜூன் 5-இல் நடக்க வேண்டியது, கடல் கொந்தளிப்பால் ஒரு நாள் தள்ளிப்போனது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மௌனத்தின் மதிப்பு விளங்கும்.

பி.பி.சி. தன் ஒலிபரப்பு அமைப்பையே மாற்றிக்கொண்டது. 1939 செப்டம்பர் 1 அன்று வட்டார ஒலிபரப்புகளை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே உள்நாட்டுச் சேவையாக்கியது. தனித்தனி அலைவரிசையில் ஒலிபரப்பும் கோபுரம் எதிரி விமானத்துக்குக் கலங்கரை விளக்கமாகிவிடும். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பினால் எது எங்கிருக்கிறது என்று விமானியால் பிரித்தறிய முடியாது. 1940-இலிருந்து செய்தி வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டே வாசிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் பெயர் சொல்லும் வழக்கமில்லை. ஜெர்மானியர்கள் படையெடுத்து வந்து, பி.பி.சி. போலவே நடித்துப் பொய்ச் செய்தி வாசித்தால் மக்கள் கண்டுபிடிக்க வேண்டுமே. பழகிய பெயரும் பழகிய குரலும்தான் அடையாள அட்டை.

ஜெர்மனி இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. மலிவு விலை வானொலிப் பெட்டிகளை 1933-இலிருந்தே வீடுதோறும் கொண்டுசேர்த்த அரசு, போர் தொடங்கியதும் அந்நிய ஒலிபரப்பைக் கேட்பதையே குற்றமாக்கியது. கேட்டால் சிறை. கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனைவரை போகலாம். அப்படியும் மக்கள் போர்வைக்குள் ஒலியைத் தாழ்த்தி வைத்துக் கேட்டார்கள்.

அவர்களுக்கும், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் இருந்தவர்களுக்கும் பி.பி.சி.யின் ஐரோப்பிய ஒலிபரப்பு உயிர்க்காற்று. பிரெஞ்சு ஒலிபரப்பில் தினமும் 'சொந்தச் செய்திகள்' என்று ஒரு பகுதி வரும். அர்த்தமில்லாத வாக்கியங்களாக வாசிப்பார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எதிர்ப்புக் குழுவுக்கான கட்டளை. ஜூன் 5 இரவு அந்தப் பகுதி வழக்கத்தைவிட மிக நீளமாகப் போனது. அவற்றில் ஒன்று பழைய பிரெஞ்சுக் கவிதை ஒன்றின் வரி. அதன் முன்வரி சில நாள் முன்பே வந்திருந்தது. பின்வரி வந்தால் ரயில் பாதைகளைத் தகர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெர்மன் பதினைந்தாம் படையின் கேட்புப் பிரிவு இரண்டு வரிகளையும் பிடித்து, பொருளையும் ஊகித்து, தன் படையை உஷார்படுத்திவிட்டது. ஆனால் நார்மண்டியைக் காத்துநின்ற ஏழாம் படை உஷார்படுத்தப்படவில்லை. கேட்டவர்கள் சரியாகக் கேட்டார்கள். கேட்டது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை.

கப்பல் தளத்தில் ஒரு மனிதர்

நிருபர்கள் களத்திலிருந்து எப்படிப் பேசினார்கள் என்பது அடுத்த கேள்வி. கைபேசியில் நேரலை பார்க்கும் நமக்கு இது விளங்கச் சற்று நேரமாகும்.

அமெரிக்காவின் பெரிய வலையமைப்புகள் ஒலிப்பதிவுகளை ஒலிபரப்புவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தன. எல்லாம் நேரலை. போர்க்களத்தில் அது நடக்கிற காரியமா? கரையில் இறங்கியவருக்கு லண்டனோடு தொடர்பே கிடையாது. அவர் திரும்பி வந்துதான் பேச வேண்டும். சி.பி.எஸ்.ஸின் ரிச்சர்ட் ஹாட்டலெட் குண்டுவீச்சு விமானத்தில் கரைக்கு மேலே பறந்து, இங்கிலாந்து திரும்பி, கண்டதைச் சொன்னார். பாராசூட் படையினரை ஏற்றிச் சென்ற விமானத்தில் போய் அவர்கள் குதித்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ரைட் பிரையன் என்.பி.சி.யில் பேசினார். பி.பி.சி.யின் ஹோவர்ட் மார்ஷல் ஏறிச்சென்ற படகு கரையருகே கண்ணிவெடியில் சிக்கியது. அவர் நீரில் விழுந்து, கரையேறி, அன்றே இங்கிலாந்து திரும்பி மைக் முன் உட்கார்ந்தார். நனைந்த உடையோடு பேசுகிறேன், என் குறிப்புகளெல்லாம் கடலுக்கடியில் கிடக்கின்றன என்று நேயர்களிடம் சொல்லிவிட்டே தொடங்கினார். அன்றிரவு ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு பி.பி.சி. தொடங்கிய போர்ச் செய்தி நிகழ்ச்சி, இப்படிப்பட்ட குரல்களால் ஐரோப்பியப் போரின் கடைசிக் கட்டத்தைப் பிரிட்டனின் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அதன் நிருபர்களுக்கென்றே சுமார் 18 கிலோ எடையில் ஒரு தட்டுப் பதிவுக் கருவி செய்திருந்தார்கள். அன்றைக்கு அது சிறிய கருவி.

ஒரு நிருபர் தருவதை எல்லா வலையமைப்புகளும் பகிர்ந்துகொள்வது என்றும் ஏற்பாடு இருந்தது. பொதுத் தொகுப்பு முறை என்று சொல்லலாம். போட்டியாளர்கள் அன்றைக்குக் கூட்டாளிகளானார்கள். அந்த ஏற்பாட்டில் வந்ததுதான் ஜார்ஜ் ஹிக்ஸின் பதிவு.

ஹிக்ஸ் புளூ நெட்வொர்க் என்ற வலையமைப்பின் நிருபர். நார்மண்டிக்கு அப்பால் நின்ற அன்கான் என்ற தலைமைக் கப்பலில், பிலிம் சுருளில் பள்ளம் பதித்து ஒலியைப் பிடிக்கும் கருவி ஒன்றோடு இருந்தார். கப்பல்கள், கரை, புகை என்று நிதானமாக வர்ணித்துக்கொண்டிருந்தவரின் குரலைப் பின்னால் எழும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் ஓசை விழுங்குகிறது. ஜெர்மன் விமானங்கள் தாக்குகின்றன. அவர் நிறுத்தவில்லை. ஒளிக்கீற்றுகள் எழுவதை, ஒரு விமானம் சரிவதைச் சொல்லிக்கொண்டே போகிறார். அருகில் இருக்கும் மாலுமிகளின் கூச்சல் கேட்கிறது, ஒன்றை வீழ்த்திவிட்டோம் என்று. நடுவில் ஓரிடத்தில், மன்னியுங்கள், ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி மூச்சை இழுத்துவிட்டுக்கொள்கிறேன் என்கிறார். அந்த இடத்தில் அவர் நிருபராக இல்லை. பயந்துபோன, ஆனால் இடத்தைவிட்டு நகராத ஒரு மனிதர்.

அந்தப் பதிவு அன்றிரவே, நியூயார்க் நேரப்படி 11 மணி தாண்டி, எல்லா வலையமைப்புகளிலும் ஒலித்தது. பதிவு கூடாது என்ற கொள்கையை அன்று யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்க வானொலியின் போக்கை அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் மாற்றத் தொடங்கின என்று சொன்னால் மிகையில்லை.

மற்ற நேரமெல்லாம் என்ன செய்தார்கள்

பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல் நேரம் நகர்ந்தது. புதிய தகவல் மணிக்கணக்கில் வராது. வந்ததையே மறுபடி சொல்வார்கள். ராணுவ விமர்சகர்கள் வரைபடத்தை விளக்குவார்கள். தேவாலயங்களிலிருந்து பிரார்த்தனைகளும் துதிப்பாடல்களும் இணைக்கப்பட்டன. பகல் நேரத் தொடர் நாடகங்களின் நடுவே அறிவிப்புகள் புகுந்தன. விளம்பரங்களைப் பெருமளவு கைவிட்டார்கள். விளம்பர வருவாயில் ஓடும் வலையமைப்புகளுக்கு அது சிறிய முடிவில்லை. பிற்பகல் 3 மணிக்கு, லண்டனில் இரவு 9, மன்னர் ஆறாம் ஜார்ஜ் பேசினார்.

இரவு 10 மணிக்கு ரூஸ்வெல்ட் வந்தார். அவர் அன்று உரையாற்றவில்லை, ஒரு பிரார்த்தனையை வாசித்தார். அதன் வரிகளை முன்னதாகவே பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். மாலைப் பதிப்பில் வெளியான வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் அவரோடு சேர்ந்து சொன்னார்கள். கேட்பவர்களைப் பேசவும் வைத்த ஒலிபரப்பு அது. மகன்களில் சிலர் திரும்பி வரமாட்டார்கள் என்று அதில் வெளிப்படையாகவே சொன்னார். எத்தனை பேர் என்ற கணக்கு அன்று எந்த வலையமைப்பிலும் வரவில்லை. ஒமாகா என்று பெயரிடப்பட்ட கரையில் காலையில் நடந்தது எவ்வளவு கொடூரமானது என்பது அமெரிக்க வீடுகளுக்குத் தெரிய இன்னும் நாளானது.

முதன்முறை கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. சி.பி.எஸ்., என்.பி.சி. பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுவதையும் கேட்க உட்காராதீர்கள், அலுத்துவிடும். நள்ளிரவு 12:45 முதல் ஒரு மணி நேரம் கேளுங்கள். 'ஜெர்மானியர்கள் சொல்கிறார்கள்' என்பது எத்தனை விதமாக வருகிறது என்று கவனியுங்கள். பிறகு 3:15-க்குத் தாவி, 3:32-இல் அறிவிப்பாளர்களின் வார்த்தைகள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். ஹிக்ஸின் பதிவைக் கடைசியாக, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. அறிக்கையை வாசிக்கும் அதிகாரியின் குரலுக்கும் கப்பல் தளத்தில் நிற்கும் ஹிக்ஸின் குரலுக்கும் உள்ள தூரம் மொழி தெரியாதவருக்கும் புரியும்.